கூட்ஸ் வண்டியைப் படம் எடுப்பது எந்தச் சட்டப்படி குற்றம்? துறைமுகத் தலைவருக்கும் ரயில்வே கோட்ட மேலாளருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துறைமுகத் தலைவர் அவர்களுக்கும், ரயில்வே கோட்ட மேலாளர் அவர்களுக்கும்,

துறைமுகச் சுற்றுச்சுவரை ஒட்டிப் போகும் மேம்பாலத்தின் நடைபாதையில் அண்மையில் ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள். "புகைப்படம், காணொளி எடுக்கத் தடை. மீறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யார் போட்ட உத்தரவு, எந்தத் தேதி என்று ஒரு வரியும் இல்லை. அந்தப் பாலத்தில் டவுன் பஸ் போகிறது, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள், மீன்கூடைக்காரர்கள் நடந்து போகிறார்கள். கீழே பார்த்தால், கூட்ஸ் வண்டிகள் வந்து நின்று பிரியும் உங்கள் யார்டு தெரியும். தெரியாமல் இருக்க வழியே இல்லை. அங்கே நின்று கூட்ஸ் வண்டிகளைப் படம் எடுக்கும் ஆர்வலர்களில் நானும் ஒருவன்.

எந்தத் துறைமுகம் என்று இந்த மடலில் நான் பெயர் எழுதவில்லை. வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால், அன்று பணியில் இருந்த காவலர் ஒருவரை இடமாற்றம் செய்து விஷயத்தை முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் காவலர் மேல் கோபம் இல்லை. அவர் கையில் ஒரு பலகையையும் வாய்மொழி உத்தரவையும் கொடுத்து அனுப்பியவர்களிடம்தான் பேச வந்திருக்கிறேன். உங்களுக்கு எந்தப் பாலம் என்று தெரியும்.

பலகை வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் ஒரு பையன், சாயங்காலம் பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் நின்று, கன்டெய்னர் ரேக் ஒன்று, அதாவது சரக்குப் பெட்டி ஏற்றிய வேகன்களின் முழுத் தொடர், உள்ளே போவதைச் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தான். வாசலிலிருந்து காவலர்கள் படியேறி வந்து போனை வாங்கிக்கொண்டார்கள். எடுத்த படத்தை மட்டும் அழிக்கச் சொல்லவில்லை, கேலரி முழுவதையும் அவன் கையாலேயே அழிக்க வைத்தார்கள். அவனுடைய அக்கா கல்யாணப் படங்களும் அதோடு போயின. பிறகு கேட் அறையில் உட்கார வைத்து, அப்பாவை வரவழைத்து, "இனி இந்தப் பக்கம் வர மாட்டேன், தவறுக்கு வருந்துகிறேன்" என்று இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு, நன்றாக இருட்டிய பிறகு அனுப்பினார்கள். கேஸ் போட்டால் பாஸ்போர்ட் கிடைக்காது, அரசு வேலை கிடைக்காது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஏலக்கூடத்தில் மீன்பெட்டி தூக்குகிறவர். அந்த வார்த்தைக்கு அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று உண்டு. வேகன் எண்களை எழுதி வைப்பான். நம் ரயில்வே வேகனில் பதினொரு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு அது எந்த மண்டல ரயில்வேயைச் சேர்ந்தது, அதற்கடுத்த இரண்டு கட்டப்பட்ட வருடம், பிறகு நான்கு இலக்க வரிசை எண், கடைசியில் எண்ணைச் சரிபார்க்க ஓர் இலக்கம். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து, தேடிப் படித்து, தானே பிடித்துக்கொண்டான். ரேக் நகரும்போதே, நிலக்கரி ஏற்றும் மேல்திறந்த வேகன் ஒன்றைக் காட்டி, "இந்த பாக்ஸ்என் எனக்கு மூத்தது" என்பான். இப்படி ஒரு பையன் உங்கள் சுவருக்கு வெளியே இருக்கிறான் என்றால் ரயில்வேக்கு அவன் தேவைப்படுகிற ஆள். அவன் இப்போது அந்த நோட்டைத் தொடுவதில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். கேட் அறையில் சொல்லப்பட்டது 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியக் காப்புச் சட்டம். அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். தடைசெய்யப்பட்ட இடம் என்பதற்கு இரண்டாம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. பொதுப் பயன்பாட்டில் உள்ள ரயில் பாதையோ சாலையோ நீர்வழியோ அதில் சேர வேண்டுமானால், மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டிருக்க வேண்டும். மூன்றாம் பிரிவு பேசுவது நாட்டின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் கேடு செய்யும் நோக்கத்தைப் பற்றி. உங்கள் யார்டுக்கு அப்படி ஓர் அறிவிக்கை இருந்தால் அதன் எண்ணைப் பலகையில் எழுதுங்கள், மறுபேச்சில்லாமல் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்கிறோம். அடுத்து 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவைச் சொன்னார்கள். அது ரயில்வே இடத்துக்குள் அத்துமீறி நுழைகிறவர்களுக்கானது. பாலத்து நடைபாதையில் நிற்பவன் எந்த வாசலுக்குள் நுழைந்தான்?

2004 ஜூலை முதல் பன்னாட்டுக் கப்பல்கள் வரும் துறைமுகங்கள் பின்பற்றும், கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான ஐ.எஸ்.பி.எஸ். பாதுகாப்பு விதிகளும் எனக்குத் தெரியும். வேலிக்கு உள்ளே யார் வரலாம், எந்தப் பகுதிக்கு யாருக்கு அனுமதி என்று வரையறுப்பது அதன் முக்கியமான வேலை. அது அவசியமானதும்கூட. அதற்காகத்தான் உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் பாஸ் வைத்திருக்கிறீர்கள். வேலிக்கு வெளியே பொதுச் சாலையில் நிற்பவன் கண்ணுக்குப் பாஸ் போட முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த உத்தரவின் நகலைக் கேட்டு மனுப் போட்டேன். 8(1)(அ) பிரிவின்படி பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தர இயலாது என்று பதில் வந்தது. மீறினால் தண்டனை உண்டு, ஆனால் மீறக் கூடாதது என்ன என்று எழுதிய தாளைக் காட்ட மாட்டோம் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? நிர்வாக முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீடு செய்திருக்கிறேன். அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

நாட்டின் பாதுகாப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடற்படைக் கப்பல் வந்து நிற்கும் பெர்த்தை எடுக்காதே என்றால் எடுக்க மாட்டோம். அந்தப் பக்கம் பாலத்தில் மறைப்புத் தகடு அடித்தால் நானே நன்றி சொல்லி எழுதுவேன். ஆனால் இங்கே பேச்சு கூட்ஸ் வண்டியைப் பற்றியது. இன்று உங்கள் யார்டில் நிற்கும் ரேக் நாளைக்குக் காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ பிளாட்பாரத்துக்கு அடுத்த லைனில் நிற்கும். அதே எண்கள், அதே எழுத்துகள். சரக்குக் கப்பல் எங்கே வருகிறது என்பதை அதன் ஏ.ஐ.எஸ். என்ற இடங்காட்டிக் கருவியே ஒலிபரப்பிக்கொண்டு வருகிறது, கைப்பேசியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த பெர்த்தில் எந்தக் கப்பல் என்று பெரிய துறைமுகங்கள் தினமும் தங்கள் இணையதளத்திலேயே போடுகின்றன. தண்டவாளங்கள் எப்படிப் பிரிகின்றன என்பது செயற்கைக்கோள் படத்தில் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதே யார்டை ட்ரோனில் எடுத்து, பாட்டுப் போட்டு, உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் நீங்களே வெளியிட்டிருக்கிறீர்கள். அந்தக் காணொளியில் தெரியாத எது அந்தப் பையனின் போனில் தெரிந்துவிட்டது?

அங்கே என்னதான் இருக்கிறது, எதற்கு இத்தனை பேர் வந்து நிற்கிறீர்கள் என்று ஓர் அதிகாரி என்னிடம் உண்மையாகவே கேட்டார். அவருக்கு அன்று நின்ற நிலையில் சரியாகப் பதில் சொல்ல வாய்ப்பில்லை. இங்கே சொல்கிறேன்.

கன்டெய்னர் லைனுக்கு மேலே மின்கம்பி கிடையாது. பெட்டியை மேலிருந்து கிரேன் தூக்க வேண்டும், 25,000 வோல்ட் கம்பி குறுக்கே ஓடினால் வேலை நடக்காது. ஆகவே வெளியூரிலிருந்து ரேக்கை இழுத்து வந்த மின்சார இஞ்சின் யார்டிலேயே கழன்றுகொள்ளும். டீசல் இஞ்சின் ஒன்று பின்பக்கம் வந்து மாட்டிக்கொண்டு மொத்த ரேக்கையும் உள்ளே தள்ளும். 45 வேகன், இருபதடிப் பெட்டியாக இருந்தால் 90 பெட்டி, நீளம் ஏறக்குறைய 700 மீட்டர். இஞ்சின் கடைசியில் இருப்பதால் முன்னால் என்ன இருக்கிறது என்று லோகோ பைலட்டுக்குத் தெரியாது. முன்னால் இருந்து, தடம் மாற்றி வழிகாட்டும் பாயிண்ட்ஸ்மேன்தான் அவருக்குக் கண். ஒரு கையில் கொடி, ஒரு கையில் வாக்கி டாக்கி. லெவல் கிராசிங்கில் ட்ரெயிலர் லாரிக்காரர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடிக்க, ரேக் நடையைவிட மெதுவாக ஊர்ந்து வளைவில் திரும்பும். சக்கரம் தண்டவாளத்தில் உரசும் அந்தக் கிறீச்சொலி எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். நின்றதும் வேகன்களை இணைக்கும் கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம், முதல் வேகனிலிருந்து கடைசி வேகன் வரை ஓடிப் போகும். மழை பெய்து ஓய்ந்த காலையில், ஈரமான பெட்டிகளுக்குப் பின்னால் கப்பலின் புகைபோக்கி தெரிய இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். எனக்கு எங்கள் ஊரில் இதைவிட அழகான காட்சி வேறு இல்லை.

இது நீடிக்கப் போவதும் இல்லை. யார்டுக்குள் வேகன்களைத் தள்ளி இழுக்கும் பழைய டபிள்யூ.டி.எஸ்-6 ஷண்டிங் டீசல் இஞ்சின்கள் கழிக்கப்பட்டு வருகின்றன. ஆயுள் முடிந்த ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டிகளின் ஜன்னலை அடைத்து, கார் ஏற்றும் வண்டியாக மாற்றி ஓட்டினார்களே, அந்த என்.எம்.ஜி. ரேக்குகளின் இடத்தை இரண்டடுக்கு வேகன்கள் பிடித்துக்கொண்டு வருகின்றன. 2022இல் கார்டு என்ற பதவிப் பெயரே ட்ரெயின் மேனேஜர் என்று மாறியது. கையால் செய்த வேலைகள் குறைகின்றன. குறையட்டும், கப்ளிங் போடும்போது கை நசுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கு ஒரு பதிவு வேண்டாமா?

பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் பாரதி துறையில் 1977இல் இயந்திர வசதியோடு இரும்புத் தாது ஏற்றுமதி தொடங்கியது. பெல்லாரி, ஹொசப்பேட்டைப் பக்கத்துத் தாது ரயிலில் வந்து அங்கே கப்பல் ஏறியது. நிலக்கரி கப்பலில் வந்து இறங்கியது. ராயபுரம் பகுதியில் காயப்போட்ட துணியிலும் மூச்சிலும் தூசு படிந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 2011 அக்டோபரில் இரண்டும் அங்கே நிறுத்தப்பட்டன. நிறுத்தியதுதான் நியாயம். ஆனால் முப்பது வருடங்களுக்கும் மேலாக இரவு பகலாக நடந்த அந்த வேலையைப் படங்களில் தேடினால் எனக்குக் கிடைத்தவை சொற்பம். தாது ரேக்கில் வேலை செய்தவர்களின் முகமும் இல்லை, அந்தத் தூசில் வாழ்ந்தவர்களின் மொட்டைமாடியும் இல்லை. துறைமுகம் செய்த நல்லதற்கும் கெட்டதற்கும் சேர்த்தே சாட்சி இல்லாமல் போகிறது.

தனுஷ்கோடி இன்னும் வேதனை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல் அடித்த இரவு வரை, ரயில் போய்க் கப்பலைத் தொட்ட ஊர் அது. இன்று அதன் இடிபாடுகளை எடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. ஊர் உயிரோடு இருந்தபோது அந்தத் துறையில் ரயில் நின்ற படம், சரக்கு மாறிய படம், சுமை தூக்கியவர்களின் படம் எத்தனை கிடைக்கின்றன? செத்த பிறகு எடுப்பதற்குத்தான் அனுமதியா?

துறைமுகமும் ரயிலும் பிரிந்து வளர்ந்தவை இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சென்னைத் துறைமுகத்தை 1904 முதல் 1919 வரை தலைவராக இருந்து உருவாக்கிய பிரான்சிஸ் ஸ்பிரிங்கே அடிப்படையில் ரயில்வே பொறியாளர். அவர் காலத்தில், 1912இல், அங்கே எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜனை நாடே நினைவில் வைத்திருக்கிறது. பெருமையான விஷயம், சந்தேகமில்லை. அதே காலத்தில் அங்கே வேகன் தள்ளியவர்கள், பாயிண்ட் பிடித்தவர்கள், கரி அள்ளியவர்கள் யார்? பேனா பிடித்தவருக்குக் கோப்பில் கையெழுத்தாவது மிஞ்சும். கொடி பிடித்தவருக்குப் புகைப்படத்தை விட்டால் வேறு எதுவும் மிஞ்சாது.

இதை எங்கள் தெருவிலிருந்தே சொல்ல முடியும். உங்கள் யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை, ஓய்வுக்குச் சில நாள் முன்னால் பாலத்திலிருந்து நான் ஒரு படம் எடுத்தேன். இரண்டு வேகன்களுக்கு நடுவிலிருந்து குனிந்து வெளியே வருகிறார். கக்கத்தில் சுருட்டிய பச்சைக் கொடி. ஒரு கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுகிறார். அவர் இறந்தபோது அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு ஆளனுப்பி, "தம்பி, அந்தக் கொடி வச்சிருக்கற படத்தைப் பெரிசா போட்டுக் குடுப்பா" என்றார். ஸ்டூடியோவில் எடுத்த படம் வீட்டில் இருந்தும் மாலை போட்டது இந்தப் படத்துக்குத்தான். தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று பேரப்பிள்ளைகள் முதன்முதலில் பார்த்ததும் அதில்தான். என் அப்பாவும் அதே யார்டில் வேலை பார்த்தவர். அவர் வேலை உடுப்பில் நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. உள்ளே கேமரா கொண்டுபோக அப்போதும் அனுமதி இல்லை, எங்களிடம் கேமராவும் இல்லை.

ரயில்வே அதிகாரிகளின் கவலை ஒன்று முழுக்க நியாயமானது. ரீல்ஸுக்காக வேகன் மேல் ஏறுகிறவர்களையும் தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களையும் நாங்களும் பார்க்கிறோம், இறங்கச் சொல்லிச் சத்தம் போடுகிறோம். யார்டின் மேலே ஓடும் அந்த 25,000 வோல்ட் மின்கம்பியைத் தொடக்கூட வேண்டாம், அருகில் போனாலே பாய்ந்துவிடும். அவர்கள் மீது 147ஆம் பிரிவைப் பாய்ச்சுங்கள், ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டோம். ஆனால் பாலத்தை மூடினால் படம் எடுக்கும் ஆசை எங்கே போகும்? சுவர் உடைந்த இடத்தைத் தேடித்தான் போகும். பாதுகாப்பாக நிற்கக்கூடிய ஒரே இடத்தை நீங்கள்தான் அடைக்கிறீர்கள்.

முன்பு ஒரு வழி இருந்தது. மக்கள் தொடர்பு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தால், அடையாள அட்டை நகலை வாங்கிக்கொண்டு, பூட்ஸும் ஹெல்மெட்டும் பளிச்சென்ற மேல்சட்டையும் போடச் சொல்லி, ஊழியர் ஒருவரைத் துணைக்கு அனுப்பி ஒரு காலை நேரம் உள்ளே விடுவார்கள். எங்கே நிற்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று அந்த ஊழியரே சொல்வார். ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் அது "மேலிடத்து உத்தரவு" என்ற இரண்டு வார்த்தையில் நின்றது.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக எழுதுகிறேன்.

மேம்பாலத்துப் பலகையை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாதென்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த நாளிட்ட உத்தரவு, எந்த எல்லை வரை பொருந்தும் என்று அதிலேயே எழுதுங்கள். மறைக்க வேண்டிய பெர்த்தை மறையுங்கள், யார்டு முழுவதையும் அல்ல.

பொது இடத்தில் நிற்பவரின் போனைப் பிடுங்குவதும் படங்களை அழிக்க வைப்பதும் கூடாது என்று உங்கள் காவலர்களுக்கும், ஒப்பந்த நிறுவனக் காவலர்களுக்கும் எழுத்தில் சுற்றறிக்கை அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கட்டும், அங்கே சட்டப்படி நடக்கட்டும்.

அந்தப் பையனிடமும் அவன் அப்பாவிடமும் எழுதி வாங்கிய தாள்களை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் சந்தேக நபராக இல்லை என்று ஒரு கடிதமும் கொடுங்கள். வருத்தம் தெரிவிப்பதா வேண்டாமா என்பதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன். இந்தக் கடிதம் மட்டும் கட்டாயம் வேண்டும். பையன் அடுத்த வருடம் ரயில்வே அப்ரென்டிஸுக்கு விண்ணப்பிக்க இருந்தவன்.

நிறுத்திய அனுமதி முறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கட்டணம் வைத்தாலும் சரி, படங்களின் ஒரு பிரதியை நிர்வாகத்துக்குத் தர வேண்டும் என்றாலும் சரி, ட்ரோன் கூடாது என்றாலும் சரி. ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் தினம், 1919இல் இந்தியக் கம்பெனி ஒன்றின் எஸ்.எஸ். லாயல்டி கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட நாள். ஏப்ரல் 16, 1853இல் பம்பாயில் முதல் பயணிகள் ரயில் ஓடிய நாள். இடைப்பட்ட இந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்து, துறைமுகமும் ரயில்வேயும் சேர்ந்து யார்டின் ஒரு லைனையாவது பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள். முதல் வரிசையில் ஓய்வு பெற்ற தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தையும் உள்ளே விடுங்கள். அவர்கள் வேலை பார்த்த இடத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொடுக்க நாங்கள் தயார், செலவும் எங்களுடையது.

பொறியியல் பிரிவின் அலமாரிகளில் பழைய ஆல்பங்களும் நெகட்டிவ்களும் இருப்பதாக ஓய்வு பெற்ற ஊழியர்கள் சொல்கிறார்கள். இருந்தால், கரையான் தின்பதற்கு முன் அவற்றை ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு பிரதியை எங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கும் கொடுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்று முப்பது நாட்களுக்குள் கையெழுத்தோடு எழுத்தில் பதில் தாருங்கள். தொலைபேசியில் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
துறைமுகச் சுவரோரத் தெருவாசி, யார்டுத் தொழிலாளி ஒருவரின் மகன்